ஓடுகிற கடிகாரத்துக்கு எதற்கு சர்வீஸ்?

தீபாவளிக்கு அலமாரியைச் சுத்தம் செய்யும்போது, அப்பா கட்டியிருந்த பழைய கைக்கடிகாரம் கிடைக்கிறது. சாவி கொடுத்ததும் டிக் டிக்கென்று ஓடுகிறது. "அந்தக் காலத்துப் பொருள், ஒன்றும் ஆகவில்லை பாருங்கள்" என்று மகன் அதைக் கட்டிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போகிறார். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ நம்மவர் வீட்டில் கிடைக்கும் அந்தக் கடிகாரம், ஊருக்குப் போனவர் வாங்கிவந்த எச்.எம்.டி.யாக இருக்கலாம். இந்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதன் 'ஜனதா' புகழ்பெற்ற கடிகாரம். பேட்டரி கிடையாது, தினமும் சாவி கொடுக்க வேண்டும்.

பக்கவாட்டில் இருக்கும் திருகைத் திருகும்போது, சிறு டப்பிக்குள் இருக்கும் மெயின் ஸ்பிரிங் இறுகச் சுருள்கிறது. அப்போது கேட்கும் 'கர்கர்' சத்தம், சுருள் திரும்ப அவிழாமல் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கியினுடையது. ஸ்பிரிங் விரிய விரியச் சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. தடுக்க ஆளில்லாவிட்டால் ஒரு நாளுக்கான விசை நொடிகளில் தீர்ந்துபோகும். தடுப்பது பேலன்ஸ் சக்கரம். மயிரிழை போன்ற ஹேர் ஸ்பிரிங்கின் பிடியில் அது இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சிறு கவை, கடைசிச் சக்கரத்தைக் கொஞ்சம் விட்டு உடனே பிடிக்கிறது. அதுதான் 'டிக்'. ஜனதாவில் நொடிக்கு 5 முறை, ஒரு நாளில் 4,32,000 முறை. நம் இதயமே நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறைதான் துடிக்கிறது!

முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்றிருப்பதைப் பார்த்து அடகுக் கடையை நினைக்க வேண்டாம். அவை செயற்கை மாணிக்கக் கற்கள். சக்கரங்களின் எஃகு முனைகள் தேயாமல் சுழல்வதற்கான குழிகள். அந்தக் குழியில் ஊசிமுனை அளவு எண்ணெய் இருக்க வேண்டும். பல வருடம் கிடந்த கடிகாரத்தில் அது காய்ந்து, தூசியோடு சேர்ந்து உப்புத்தாள் போலாகிவிடும். ஸ்பிரிங்குக்கு வலு இருப்பதால் கடிகாரம் ஓடத்தான் செய்யும். ஓடிக்கொண்டே முனைகளை அரைத்துக்கொள்ளும்.

தேய்ந்ததை மாற்றலாமே என்றால், பாகத்துக்கு எங்கே போவது? எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட இந்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. பழைய இருப்பையோ இன்னொரு பழைய கடிகாரத்தையோதான் தேட வேண்டும்.

ஆகவே, கட்டுவதற்கு முன்பே சர்வீசுக்குக் கொடுக்க வேண்டும். பிறகு நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை. "முழுதாகக் கழற்றி, கழுவி, எண்ணெய் போடுவீர்களா?" என்று கேளுங்கள். மூடியைத் திறந்து ஒரு சொட்டு விட்டால் போதும் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அழுக்கின் மேல் எண்ணெய் விடுவது சர்வீஸ் அல்ல. அந்தச் சொட்டு ஹேர் ஸ்பிரிங்கில் பட்டால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தாறுமாறாக ஓடும்.

சாவியைக் காலையில், கையிலிருந்து கழற்றிவைத்துக் கொடுப்பது நல்லது. திருகு இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். 'அதிகமாகச் சாவி கொடுத்ததால் நின்றுவிட்டது' என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அழுக்குதான். நம் ஊர் மழைக்கும் வியர்வைக்கும் பழைய மூடிகள் ஈடுகொடுக்காது. கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் அன்றைக்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும்; சாவித் தண்டு துருப்பிடித்துவிடும். திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால், கைப்பையின் காந்தப் பூட்டையோ ஒலிபெருக்கியையோ சந்தேகியுங்கள். காந்தம் ஏறிய ஹேர் ஸ்பிரிங்கைக் கடைக்காரர் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார்.

நன்றாகச் சர்வீஸ் செய்த பிறகும் நாளுக்கு அரை நிமிடம் முன்பின் ஓடினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அந்த வயதுக் கடிகாரத்துக்கு அது நல்ல கணக்குதான்.