மட்டாஞ்சேரித் தெருக்களும் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகமும்

கொச்சியின் பழம்பகுதியான மட்டாஞ்சேரியில், மோட்டார் வாகனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தெருக்கள் அமைந்துவிட்டன. மிளகும் சுக்கும் அடுக்கிய பண்டகசாலைகளின் வாயில்கள் பஜார் ரோட்டின் விளிம்பிலேயே திறக்கின்றன. இத்தகைய நெருக்கமான தெருவில், பள்ளிச் சிறுவனோ மிதிவண்டிச் சிறுமியோ நிற்கும் லாரியின் பின்னிருந்து வெளிப்படும்போதுதான் ஓட்டுநர் முதன்முதலாகக் காண்கிறார். அக்கணத்தில் வண்டியின் வேகம் என்ன என்பதே கேள்வி.

கணக்கிட்டுப் பார்ப்போம். கண்டதை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது எனக் கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அவ்வினாடியில் வண்டி 8.3 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த சாலையில், பிரேக் நன்கு பிடித்தால், மேலும் சுமார் 5 மீட்டரில் நிற்கும். ஆக 13 மீட்டருக்குச் சற்று மேல். வேகம் 50 கி.மீ. ஆயின், அவ்வொரு வினாடிக்கே 13.9 மீட்டர் கழிந்துவிடுகிறது. அதாவது, மெதுவாக வந்த வண்டி முற்றிலும் நின்றுவிட்ட இடத்தில், விரைந்து வந்த வண்டியின் பிரேக் இன்னும் பிடிக்கத் தொடங்கவேயில்லை! அது நிற்பதற்குச் சுமார் 28 மீட்டர் வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் இத்தூரங்கள் இன்னும் நீளும்.

இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் 30 கி.மீ. வேகம் 50 ஆகும்போது மோதலின் ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. வரும் வண்டியின் வேகத்தை மதிப்பிடுவதில் சிறுவர் பெரியோருக்கு ஈடாகார். எனவே, "பார்த்து நட" என்று பிள்ளைகளுக்கு மட்டும் உபதேசிப்பது பாதி வேலையே.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-இல் உட்தெருக்களில் 30 கி.மீ. வரம்பை விதித்தது. லண்டனின் 20 மைல் (32 கி.மீ.) மண்டலங்களைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வு, அங்கு விபத்துக்குள்ளானோர் தொகை 41.9 விழுக்காடு குறைந்ததெனவும், இளஞ்சிறுவரிடையே அக்குறைவு மிகுதியெனவும் காட்டிற்று. அம்மண்டலங்களில் பலகையோடு வேகத்தடை மேடுகளும் இருந்தன என்பதை மறத்தலாகாது. வெறும் பலகையால் இப்பயன் விளையுமென எதிர்பார்ப்பதற்கில்லை.

நம் நாட்டில், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டோ சாலையின் தன்மை கருதியோ, குறிப்பிட்ட இடங்களில் வேகத்தைக் குறைக்க மாநில அரசுக்கு அதிகாரமளிக்கிறது. உரிய அறிவிப்புப் பலகைகளை நாட்டுவதும் அதில் அடங்கும்.

ஆசிரியர்கள் பள்ளி முற்றத்தில் ஒரு தொடக்கக் கோடும், அதிலிருந்து 13, 28 மீட்டர் தொலைவுகளில் இரு கோடுகளும் சுண்ணாம்பால் கிழித்துக் காட்டினால், மேற்கண்ட கணக்கு ஐந்தாம் வகுப்பினருக்கும் விளங்கும். முற்றம் சிறிதாயின் பாதியளவில் வரையலாம்.