உள்ளியில் தோன்றும் விகாரம்: தற்செயலும் உழைப்பும்

1

பயிரிடப்படும் தாவரங்களில் தோன்றும் மாற்றம் எதுவாயினும், அது நிலைபெறுவதற்கோ மறைவதற்கோ உரிய காரணங்கள் இயற்கைக்குள் மட்டும் அடங்கிவிடுவதில்லை. அவற்றிற் பெரும்பகுதி மனித உழைப்பிலும், அவ்வுழைப்பு நிகழும் சமூக உறவுகளிலும் தங்கியுள்ளது. இதனை விளக்குவதற்கு உள்ளியைப் போலப் பொருத்தமான பயிர் அரிது. தமிழகத்தார் பூண்டு எனவும் வெள்ளைப்பூண்டு எனவும் வழங்கும் இத்தாவரத்தில் இயல்பாகத் தோன்றும் விகாரத்தின் தன்மையை ஆராய்ந்து, அதனைப் பொருள்முதல்வாத நோக்கில் விளங்கிக்கொள்ள முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சொல் பற்றிய தெளிவு வேண்டும். ஈழத்து உயிரியற் பாடநூல்கள் 'விகாரம்' என்னும் சொல்லை ஆள, தமிழக நூல்கள் 'சடுதி மாற்றம்', 'திடீர் மாற்றம்' ஆகியவற்றை ஆளுகின்றன. பேச்சுவழக்கில் விகாரம் அவலட்சணத்தைக் குறிக்கும். ஆயின் நன்னூலார் புணர்ச்சியில் எழுத்துகள் அடையும் தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்றையும் விகாரம் என்றே வகுத்தனர். பரம்பரையலகில் நிகழும் மாற்றங்களும் புதுக்கூறு நுழைதல், ஒன்று பிறிதாதல், உள்ளது நீங்குதல் என்றே பெரிதும் வகுக்கப்படுகின்றன. எனினும் ஒப்புமை இவ்வளவில் நின்றுவிடுகின்றது. இலக்கண விகாரம் விதிக்கு அமைந்தது. தாவர விகாரம் பயனை முன்னோக்காது தற்செயலாக நிகழ்வது.

2

உள்ளியின் உடற்கலம் ஒவ்வொன்றிலும் 16 நிறமூர்த்தங்கள் உள. 2020இல் வெளியிடப்பட்ட அதன் மரபுத்தொகுதி மனிதனுடையதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரியது. இத்துணைப் பெரிய மரபுச்செல்வம் உடைய இப்பயிர் பொதுவாக விதை தருவதில்லை. சில வகைகளிற் பூந்தண்டு எழினும், பூக்களிடையே சிறுகுமிழ்கள் பெருக, பூக்கள் வாடிவிடுகின்றன. யப்பானிய ஆய்வாளர் தகேயோமி எதோ மத்திய ஆசியப் பகுதிகளிற் சேகரித்த வகைகளுட் சில வளமுள்ள மகரந்தமும் விதையும் தரவல்லன என்பதை 1980களில் வெளிப்படுத்தினார். ஆயினும் உலகெங்கும் பயிராகும் உள்ளி பல்லை ஊன்றியே பெருக்கப்படுகின்றது.

இதன் விளைவு மனங்கொள்ளத்தக்கது. தாயும் தந்தையும் கலந்து புதுமை பிறக்கும் வழி இங்கு அடைபட்டுள்ளது. ஒரு பல் அதன் தாய்க் குமிழின் படியே. அவ்வாறாயின், நிறத்திலும் பருவத்திலும் பல்லின் எண்ணிக்கையிலும் வேறுபடும் வகைகள் எவ்வாறு தோன்றின? பழைய காலத்துக் கலப்பின் எச்சம் ஒருபுறமிருக்க, முளையின் கலங்களில் அவ்வப்போது நிகழ்ந்த விகாரங்களே இதற்குக் காரணமாகும். டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் இத்தகைய முளைவழி வேறுபாடுகளை விரிவாகத் தொகுத்துரைத்தார்.

ஏடு பெயர்த்தெழுதும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். எழுதுவோர் கைப்பிழையாற் பாடபேதம் தோன்றுகின்றது; அவ்வேட்டை மற்றொருவர் பெயர்த்தெழுதினால் அது வாழ்கின்றது; எழுதாவிடின் செல்லுக்கு இரையாகின்றது. உள்ளியின் விகாரமும் மீண்டும் ஊன்றப்பட்டால் மட்டுமே வாழ்கின்றது.

3

கொட்டாஞ்சேனையின் தொடர்மாடி வீடுகளில் முளைவிட்ட உள்ளிப்பல்லைச் சாடியில் ஊன்றி வைப்போர் உளர். அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றிய 2022இல், அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்து வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரசு கூறிய காலத்தில், மாடிச் சாடிகள் ஒரு தேசியப் பிரச்சினையின் அடையாளமாயின. அத்தகைய சாடியில் வழக்கத்துக்கு மாறான செடியொன்று தோன்றுமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது?

மாறுபாடு யாவும் விகாரமன்று. கொழும்பின் வெப்பத்திலும், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணித்தியாலமாகவே நீடிக்கும் பகலிலும், உள்ளி வேண்டி நிற்கும் குளிரும் நீண்ட பகலும் கிட்டுவதில்லை. ஆகவே செடி தாள் மட்டும் விடலாம். அல்லது பல்லாகப் பிரியாத ஒற்றைக் குமிழைத் தரலாம். இது சூழல் விளைத்த மாற்றம். அவ்வொற்றைக் குமிழைக் குளிர்ந்த மலைநாட்டில் ஊன்றினால் பிரிந்த பற்களுடைய குமிழே விளையும்.

தாளில் நெடுக வெண்கோடு ஓடுவது இதனின் வேறானது. பிரியிழையக் கலமொன்றிற் பச்சையத்தை உருவாக்கும் ஆற்றல் கெட்டுவிடின், அக்கலத்தின் வழிவந்தவை யாவும் வெண்மையாகும். செடியின் ஒருபாதி உண்பதற்கு மறுபாதி உழைக்கும் நிலை இது. பற்கள் இலைக்கக்கங்களில் உருவாவதால், அடுத்த தலைமுறையில் மூவகைச் செடிகள் எழக்கூடும்: பச்சைக் கலங்களிலிருந்து பிறந்தது முழுப் பச்சையாகும், இரண்டும் கலந்தது கோடுடையதாகும், முற்றிலும் வெண்கலங்களிலிருந்து பிறந்தது, பல்லிற் சேமித்த உணவு தீர்ந்ததும் மடியும்.

ஆயின் இங்கும் அவசர முடிவு தகாது. உள்ளியைத் தாக்கும் வைரசுகளும் மஞ்சட் கோடுகளைத் தோற்றுவிக்கும். அவையும் பல்வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். நோய்க்கோடு மங்கலாகவும் திட்டுத்திட்டாகவும் இருக்க, செடியும் நலிந்து தோன்றும். விகாரக் கோட்டின் விளிம்பு பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். பற்களைத் தனித்தனியே ஊன்றி, இரண்டு மூன்று பருவங்கள் பதிவு செய்தே உறுதிப்பாட்டை நெருங்கலாம். ஐயமறத் தெளிவதற்கு ஆய்வுகூடச் சோதனை வேண்டும்.

4

தற்செயலுக்கும் நியதிக்கும் உள்ள உறவு மார்க்சியத்துக்குப் புதிய பிரச்சினையன்று. 1925இல் முதன்முறை வெளிவந்த 'இயற்கையின் இயக்கவியல்' நூலில் ஏங்கெல்ஸ், ஒரு பட்டாணிக் காயில் நான்கோ ஆறோ இன்றி ஐந்து விதைகள் இருப்பதை எடுத்துக்காட்டி, யாவும் நேரடி நியதியே எனக் கொள்வோர் தற்செயலை விளக்காது நியதியைத் தற்செயலின் தரத்துக்குத் தாழ்த்திவிடுகின்றனர் என வாதிட்டார்.

இத்தெளிவைக் கைவிட்டவர் லைசென்கோ. சூழலே பரம்பரை இயல்பை நேரடியாக மாற்றியமைக்கும் எனவும், பரம்பரையலகு முதலாளித்துவக் கற்பனை எனவும் அவர் அணியினர் வாதிட்டனர்; 1948 ஆகஸ்ட் மாதத்து சோவியத் வேளாண்மைக் கழக அமர்வில் அவ்வாதம் அதிகாரபூர்வக் கோட்பாடாயிற்று. அதற்கு முன்பே வவிலோவ் பலியாகியிருந்தார். உலகெங்கும் பயிர்வகைகளைச் சேகரித்து, உள்ளியின் தாயகத்தை மத்திய ஆசியாவில் வைத்த அவ்வறிஞர் 1940இற் கைதாகி, 1943இற் சரத்தோவ் சிறையில் இறந்தார். 1955இல் அவர்மீதான தீர்ப்பு நீக்கப்பட்டது. லைசென்கோவின் ஆதிக்கம் 1960களின் நடுப்பகுதியில் முடிவுற்றது.

முற்போக்காளர் இதனை எதிரிகளின் பிரசாரம் என ஒதுக்கிவிடல் முறையன்று. பொருள்முதல்வாதம் பொருளின் உண்மை நிலைக்குப் பணிவதையே முதல் நிபந்தனையாகக் கொண்டது. ஒற்றைக் குமிழ் மலையில் மீண்டும் பல்லாகப் பிரிவது சூழலின் எல்லையையும், வெண்கோடு பல்வழி தொடர்வது விகாரத்தின் இருப்பையும் காட்டுகின்றன. கட்சித் தீர்மானம் எதுவும் இவ்விரண்டையும் இடம்மாற்றிவிட முடியாது.

5

எனினும் விகாரத்தின் வரலாறு தற்செயலோடு முடிவதில்லை. ஊன்றுவதற்கென எந்தக் குமிழை ஒதுக்குவது என ஒவ்வொரு பருவமும் முடிவு செய்தவர் உழவரே. 2019இற் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு அத்தகைய நீண்ட உழைப்பின் பேறாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் குமிழ் ஊன்றிப் பெருக்கப்படும் 'வேதாளன்' சின்னவெங்காயத்தையும் இவ்வரிசையில் வைக்கலாம். 1970-77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு வெங்காயச் செய்கையை ஊக்குவித்ததும், 1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் அச்செய்கையாளரைப் பாதித்ததும் யாவரும் அறிந்தவை. சந்தை வீழ்ந்தால் விளைச்சலோடு நடுகைக் குமிழும் விலைப்படுகின்றது. குமிழோடு தலைமுறைகளின் தெரிவும் போகின்றது.

உள்ளியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் குளிர்மேடுகளிற் சிறிதளவு விளைவது தவிர, இலங்கையர் உண்பதிற் பெரும்பகுதி சீனத்திலிருந்து வருவது. அது கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தில் இறங்கி, புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் வழியாக அடுக்களையை அடைகின்றது. விளைவித்தோரும் உண்போரும் ஒருவரையொருவர் அறியார். அம்மூட்டைகளில் எத்தனையோ விகாரங்கள் வந்திருக்கக்கூடும். அவை யாவும் இரசச் சட்டியில் முடிந்துவிடுகின்றன. தெரிவு செய்யும் கை இல்லாதவிடத்துத் தற்செயலுக்கு வரலாறு இல்லை.

ஆகவே மாடிச் சாடியில் வெண்கோடுடைய தாள் தோன்றுமாயின் அதைப் பிடுங்கி எறிதலும் அற்புதம் எனப் போற்றுதலும் தக்கன அல்ல. செடி முற்றும் வரை காத்து, பற்களைப் பிரித்து, எண்ணிட்டு, கோடுடையவற்றையும் பச்சையானவற்றையும் தனித்தனியே ஊன்றுதல் வேண்டும். கொழும்பில் குமிழ் திரளாதெனின், மலைநாட்டில் தோட்டமுள்ள உறவினரிடமோ நண்பரிடமோ அச்செடியைச் சேர்ப்பிக்கலாம். அவ்வகை பயனுடையதாக அமையாமற் போகலாம்; பச்சையம் குன்றிய செடி விளைச்சலிற் பின்தங்குவதே இயல்பு. ஆயினும் பார்த்து, பதிந்து, பங்கிட்டு, மீள ஊன்றும் அம்முறையே பயிர்களை மனித குலத்துக்கு அளித்த முறையாகும். அதனை உழவரிடம் மட்டும் விட்டுவிடாது நகரத்து உழைக்கும் மக்களும் கைக்கொள்வது இன்று நம் முன்னுள்ள சிறிய, ஆயினும் செய்யத்தக்க பணியாகும்.