இங்கிலாந்துக் கிராமங்களில் வெட்டத் தடையுள்ள மரங்கள்

இங்கிலாந்து தேசத்தில் ஹாம்ப்ஷயர் ஜில்லாவிலுள்ள ஸெல்போர்ன் என்னும் கிராமத்தின் நடுவெளியில் முன்னாளில் ஓர் ஓக் மரம் நின்றது. அதைச் சுற்றிக் கற்படிகளும் ஆசனங்களும் இருந்தன. முதியோர் அமர்ந்து ஊர்க்காரியம் பேசவும் இளைஞர் ஆடிப்பாடவும் அதுவே இடமாயிருந்தது. 1703-ம் வருஷத்துப் பெரும்புயலில் அது சாய்ந்தது. ஊரார் படும் துயரத்தைக் கண்ட பாதிரியார், கைப்பொருள் செலவிட்டு அதைத் தூக்கி நிறுத்தினார். சிலகாலம் துளிர்த்துப் பின் பட்டுப்போயிற்று. ஒரு மரம் எவர் மண்ணில் நின்றாலும் ஊராருக்கும் அதில் பாத்தியதை உண்டு என்ற இவ்வெண்ணமே பிற்காலத்தில் சட்டமாயிற்று.

1947-ம் வருஷத்து நகர கிராம அமைப்புச் சட்டத்தால் இவ்வதிகாரம் விரிவடைந்தது. இப்போது நடைமுறையிலிருப்பவை 1990-ம் வருஷத்துச் சட்டமும் 2012-ம் வருஷத்து விதிகளுமாம். இவற்றின்படி, பொதுமக்களின் பார்வைக்கு அழகு தரும் மரத்தையோ, தோப்பையோ, காட்டையோ ஸ்தல அதிகார சபையார் உத்தரவால் பாதுகாக்கலாம். உத்தரவு பிறந்ததும் நிலச் சொந்தக்காரருக்கு நகல் அனுப்பி, ஆக்ஷேபணை சொல்லக் குறைந்தது 28 நாள் தவணை தரவேண்டும். ஆறு மாதத்திற்குள் ஊர்ஜிதம் செய்யாவிடில் தற்காலிகப் பாதுகாப்பு நீங்கிவிடும்.

உத்தரவுக்குட்பட்ட மரத்தை அனுமதியின்றி வெட்டுவதும், தலையைத் தறிப்பதும், கிளை கழிப்பதும், வேரோடு பெயர்ப்பதும், வேண்டுமென்றே சேதப்படுத்துவதும் குற்றம். அனுமதி மனுவுக்குக் கட்டணமில்லை. எட்டு வாரத்திற்குள் முடிவு கூறவேண்டும். மறுத்தால் அப்பீல் உண்டு.

சொந்தக்காரர் பலர் தவறாக எண்ணுவது ஒன்றுண்டு. உத்தரவு வந்ததனால் மரம் சர்க்காருடையதாகி விடுவதில்லை. மரமும் அவருடையதே, அதைப் பரிசோதித்துப் பராமரிக்கும் செலவும் அவருடையதே. கிளை முறிந்து வழிப்போக்கர்மேல் விழுந்தால் பதில் சொல்லவேண்டியவரும் பெரும்பாலும் அவரே. அதிகாரம் சபைக்கு, பொறுப்பு குடியானவனுக்கு என்று அவர்கள் முணுமுணுப்பதில் நியாயமில்லாமலில்லை. இதை உணர்ந்தே சட்டம் சில விலக்குகளைத் தந்திருக்கிறது. உடனே ஆபத்து விளைக்கும் மரத்தில் அவ்வாபத்தை நீக்குமளவுக்கு வேலை செய்யலாம். அவசியமான அளவுக்கு மேல் ஒரு கிளையையும் தொடலாகாது. பட்டுப்போன மரத்தை அவசரமில்லாதபோது, ஐந்து வேலை நாட்களுக்கு முன் எழுத்து மூலம் தெரிவித்து வெட்டலாம். ஆஷ் மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் ஒரு பூஞ்சண நோய் 2012-ல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டது முதல் இவ்விலக்கு அடிக்கடி வேண்டியிருக்கிறது. ஆனால் பட்டுப்போனது வேறு, நோயுற்றது வேறு. மரம் விலக்குக்குட்பட்டதென்று நிரூபிக்கும் பாரம் வெட்டியவரைச் சேர்ந்ததாகையால், முன்னதாகவே புகைப்படம் எடுத்து வைப்பது நன்று.

வியாபாரத்திற்காகப் பழம் பயிரிடுவோர், தம் தொழிலின் நன்மைக்காகப் பழமரங்களைக் கழிக்கவும் வெட்டவும் தடையில்லை.

கிராமத்தின் பழைய பாகம் 'பாதுகாக்கப்பட்ட பிரதேசம்' எனக் குறிக்கப்பட்டிருந்தால், தனி உத்தரவில்லாத மரங்களுக்கும் காவலுண்டு. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரத்தை வெட்டுமுன் ஆறு வாரம் அறிவிப்புக் கொடுக்கவேண்டும். அதற்குள் சபையார் உத்தரவு ஏதும் பிறப்பிக்காவிடில் வெட்டலாம். தனி உத்தரவுள்ள மரத்திலோ சபையாரின் மௌனம் சம்மதமாகாது. கிராம உத்தியோகஸ்தர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மரத்தை அனுமதியின்றி வெட்டியவர், வெட்டச் செய்தவர் இருவருமே தண்டனைக்குரியவர். முன் 20,000 பவுன் என்றிருந்த அபராத எல்லை 2015-ல் நீக்கப்பட்டது; வெட்டியதால் அடைந்த லாபத்தையும் நீதிமன்றம் கணக்கிடும். அன்றியும், அதே இடத்தில் தகுந்த ஜாதி மரமொன்றைச் சொந்தக்காரர் நட்டு வளர்க்கவேண்டும். அக்கன்றுக்கும் பழைய உத்தரவே பொருந்தும்.