காயம் பட்ட இடம்

ஓர் ஊரில் எந்தத் தெருவில், எந்த வேளையில், எவ்விதமாக மனிதரை மனிதர் அடித்துக் காயப்படுத்துகிறார்கள் என்பதைப் போலீஸாரைவிட நன்றாக அறியக்கூடிய ஸ்தாபனம் ஒன்று இருக்க முடியுமா என்று கேட்டால், இல்லை என்றே நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் பதில் சொல்வோம். ஜொனாதன் ஷெப்பர்ட் என்னும் முக அறுவைச் சிகிச்சை நிபுணரும், 1980களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆராய்ச்சி செய்யத் தொடங்கும்வரை, அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் விவரங்களைப் போலீஸ் பதிவுகளோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தாடை முறிந்தும் கன்னம் கிழிந்தும் சிகிச்சைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினரைப் பற்றிப் போலீஸாருக்கு எந்தத் தகவலுமே இல்லை என்பது தெரியவந்தது.

இதில் போலீஸாரின் அசிரத்தை என்று சொல்வதற்கு அதிகம் இல்லை. அடித்தவன் மறுபடியும் வந்து அடிப்பானோ என்ற பயம், அவன் யாரென்றே தெரியாத நிலைமை, புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற விரக்தி, சண்டையில் தன் பங்கும் வெளிப்பட்டுவிடுமே என்ற சங்கடம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து ஸ்டேஷன் வாசலை மிதிக்கவொட்டாமல் ஒருவனைத் தடுத்துவிடுகின்றன. ஆனால் வழியும் ரத்தத்தை நிறுத்த வேண்டுமே, அதற்காக ஆஸ்பத்திரி வாசலை அவன் மிதித்தே தீர வேண்டியிருக்கிறது. ஆகவே ஊரின் துன்பத்தைப் பற்றிய மெய்யான ஞானம் வைத்தியசாலையில் இருந்தது. அதைத் தடுப்பதற்கான அதிகாரமோ போலீஸாரிடமும் நகரசபையாரிடமும் இருந்தது.

வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபுக்குப் பேராசிரியராக வந்த ஷெப்பர்ட், இவ்விரண்டையும் ஒரே மேஜையில் சந்திக்க வைக்கும் முயற்சியில் இறங்கினார். 1997-இல் அந்நகரில் வைத்தியர்களும் போலீஸ் அதிகாரிகளும் நகரசபை உத்தியோகஸ்தர்களும் சேர்ந்த ஒரு குழு அமைந்தது. அதற்கு மறு வருஷமே, குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் குறைப்பதற்குப் போலீஸும் ஸ்தல ஸ்தாபனங்களும் கூடித் திட்டமிட வேண்டும் என்று இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது.

அவர்கள் கைக்கொண்ட உபாயத்தின் எளிமை என்னை மிகவும் கவர்ந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் முகப்பில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா, வந்தவரின் விலாசம் முதலியவற்றை வழக்கம்போல் பதிவு செய்துகொள்கையில், தாக்கப்பட்டேன் என்று சொல்பவரிடம் மட்டும் இன்னும் சில கேள்விகளைக் கேட்பார். எந்த மதுக்கடையில், அல்லது எந்தத் தெருவில் நடந்தது? என்றைக்கு, எத்தனை மணிக்கு? கையாலா, கத்தியாலா, கண்ணாடியாலா? அடித்தவர் எத்தனை பேர்? அவ்வளவுதான். நோயாளியின் பெயரையும் அவரை இன்னாரென்று காட்டக்கூடிய மற்றக் குறிப்புகளையும் நீக்கிய பிறகே இந்த விவரங்கள் வெளியே அனுப்பப்படும். போலீஸ் தரப்பில் உள்ள ஆராய்ச்சியாளர் அவற்றைத் தம்மிடம் உள்ள தகவல்களோடு சேர்த்து, எங்கெங்கே, எவ்வேளைகளில் வன்முறை குவிகிறது என்று காட்டும் படம் ஒன்றைத் தயாரிப்பார். வைத்தியனை நம்பி வந்தவனைக் காட்டிக்கொடுக்காமலே, அவன் காயம் பட்ட இடத்தை மட்டும் காட்டிக்கொடுத்த அந்த விவேகத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அப்படி இல்லாதிருந்தால் நோயாளிகள் வாய் திறந்திருக்கமாட்டார்கள்; வைத்தியர்களும் உடன்பட்டிருக்கமாட்டார்கள்.

படம் கைக்கு வந்த பின் குழுவினர் செய்தவை பெரிய சாகசங்கள் அல்ல. போலீஸ் ரோந்து அதிகம் தேவைப்பட்ட நகரின் மையத்துக்கு மாற்றப்பட்டது. கண்காணிப்புக் காமிராக்கள் உரிய மூலைகளுக்குத் திருப்பப்பட்டன. அடிதடி ஓயாத மதுக்கடைகளின் லைசென்ஸ் விஷயத்தில் கண்டிப்பு வந்தது. கேளிக்கை விடுதிகள் நெருங்கிய தெருவில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டு ஜனங்கள் இடித்துக்கொள்ளாமல் நடக்க இடம் கிடைத்தது.

கண்ணாடிக் கோப்பையின் கதையைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் நீண்ட கூரிய சில்லுகளாகப் பிளக்கும்; கோபத்தில் முகத்தின்மேல் இடிக்கப்பட்ட ஒரு பீர்க் கோப்பை, கண்ணையும் கன்னத்து நரம்புகளையும் அறுத்து, ஆயுள் முழுவதும் மறையாத வடுவை விட்டுச் செல்லும். பதமேற்றிய கண்ணாடியோ உடைந்தாலும் கற்கண்டுபோலச் சிறு கட்டிகளாக உதிரும். ஆகவே மதுக்கடைகளில் இவ்விதக் கோப்பைகளே வேண்டும் என்று ஷெப்பர்ட் வாதாடினார். ஆனால் கடைகளில் முறைப்படி பரீட்சை செய்து பார்த்தபோது, அங்கே கொடுக்கப்பட்ட பதமேற்றிய கோப்பைகள் எளிதில் உடைந்து, பரிமாறும் சிப்பந்திகளின் கையை அதிகமாகக் காயப்படுத்தின. அந்த முடிவை அவரும் அவருடைய சகாக்களும் மறைக்காமல் 2000-ஆம் ஆண்டில் பிரசுரித்து, கோப்பைகளின் உறுதியைச் சோதிக்கத் தரநிர்ணயம் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். தம் கொள்கைக்கே பாதகமான உண்மையைத் தாமே எடுத்துச் சொன்ன இந்த நேர்மையால்தான் அக்குழுவின் மற்றக் கணக்குகளையும் நம்பலாம் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்படுகிறது.

அந்தக் கணக்குகள் 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின. கார்டிஃபை அதைப் போன்ற 14 நகரங்களோடு ஒப்பிட்டதில், அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கப்பட்டவர்கள் கார்டிஃபில் லட்சம் ஜனங்களுக்கு மாதம் 7 பேரிலிருந்து 5 ஆகக் குறைந்திருந்தார்கள். மற்ற நகரங்களிலோ 5 பேரிலிருந்து 8 ஆகப் பெருகியிருந்தார்கள். அதே சமயம், போலீஸ் பதிவில் சில்லறை அடிதடிகளின் எண்ணிக்கை கார்டிஃபில் கொஞ்சம் ஏறியிருந்தது. மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர் இதைத் தோல்வி என்பார். ஆனால் பெரிய காயங்கள் குறைந்து சிறிய வழக்குகள் கூடுகின்றன என்றால், போலீஸார் முன்கூட்டியே போய் நின்று, முன்னர் கண்ணில் படாதவற்றையும் கண்டு பதிகிறார்கள் என்று கொள்வதே பொருத்தம். இப்பணிக்காக ஷெப்பர்டுக்கு 2008-இல் குற்றவியலுக்கான ஸ்டாக்ஹோம் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கார்டிஃப் முறை பின்னர் பிரிட்டனின் பல ஊர்களுக்கும், அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களுக்கும் பரவியது. பரவிய இடமெல்லாம் பலித்தது என்று சொல்வதற்கில்லை. சில ஊர்களில் விவரங்கள் சேகரிக்கப்பட்டு, அவற்றை வைத்துக்கொண்டு எதையும் செய்ய ஒருவரும் முன்வராததால் வீணாகக் கிடந்தன. சில ஊர்களில் "நகர மையம்" என்று மட்டும் எழுதி, கடையின் பெயரோ தெருவின் பெயரோ குறிக்கப்படாததால் போலீஸாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நள்ளிரவில், வேதனையில் முனகுகிறவர்களும் போதை தெளியாதவர்களும் வரிசையில் நிற்கையில், இன்னும் ஒரு கேள்வியைப் பொறுமையாகக் கேட்டு, கிடைத்த பதிலைத் திருத்தமாக எழுதும் அந்தக் குமாஸ்தாவின் கையில்தான் திட்டம் முழுவதும் நிற்கிறது. அவருக்குப் பயிற்சி அளிப்பதும், அவர் எழுதியதால் எந்தத் தெருவில் என்ன மாறியது என்பதை மாதந்தோறும் அவருக்கே தெரிவிப்பதும், இத்திட்டத்தைத் தங்கள் ஊரில் தொடங்க விரும்புகிற ஆஸ்பத்திரி நிர்வாகிகள் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டிய காரியங்கள்.