சார்ட்டில் எல்லோர் மூச்சும் 18

வார்டில் நோயாளியின் டிபிஆர் சார்ட்டை எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் ஏறி இறங்கியிருக்கும், நாடியும் அப்படியே. மூச்சு வரிசைக்கு வந்தால் மட்டும் 18, 20, 18, 20 என்று ஒரே சீராகப் போகும். நிமோனியாவில் கிடப்பவருக்கும் 18, ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 18. நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 6 மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்விலும், மூச்சு எண்ணிக்கை 18இலும் 20இலும்தான் குவிந்து கிடந்தது. மனித நுரையீரல்கள் அப்படிப் பேசி வைத்துக்கொண்டு இயங்குவதில்லை. எண்ணாமல் எழுதினால்தான் அப்படி வரும்.

நர்சிங் மாணவர்களுக்கு உடல் பரிசோதனையை நான்கு படிகளாகக் கற்றுத்தருகிறார்கள்: பார்ப்பது, தொட்டு அழுத்துவது, தட்டுவது, கேட்பது. தட்டிப் பார்க்கும் முறையை வியன்னாவில் லியோபோல்ட் அவென்புரூக்கர் 1761இல் எழுதி வைத்தார். பாரிஸில் ரெனே லென்னெக், ஒரு பெண்ணின் மார்பில் நேரடியாகக் காதை வைக்கத் தயங்கி, 1816இல் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதிலிருந்து ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. வயிற்றுக்கு மட்டும் இந்த வரிசை மாறும். முதலில் அழுத்திவிட்டால் குடலின் அசைவும் சத்தமும் மாறிவிடக்கூடும் என்பதால், பார்த்தவுடன் கேட்டுவிட வேண்டும். தட்டுவதும் அழுத்துவதும் பிறகு. மாணவர்கள் இதையெல்லாம் தேர்வுக்கு நன்றாகவே படித்துவிடுகிறார்கள். ஆனால் என் கருத்தில், இவற்றில் எதற்கும் முன்னால் பழக வேண்டியது மூச்சை எண்ணுவது. அதற்கு வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் போதும்.

ஏன் மூச்சுக்கு இந்த முதலிடம்? ஆக்சிஜன் குறைந்தால்தான் மூச்சு வேகமாகும் என்று பலரும் நினைக்கிறோம். சாதாரண நேரத்தில் மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ரத்தத்திலுள்ள கரியமில வாயுதான். அது சற்றே கூடினாலும் மூளைத்தண்டு உணர்ந்துகொண்டு மூச்சை விரைவாக்கும். கழுத்து ரத்தக்குழாயை ஒட்டியுள்ள சிறு உணரிகள் ஆக்சிஜனையும் அமிலத்தன்மையையும் கவனித்துக்கொண்டிருக்கும். கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி முற்றும்போது உடலில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றிச் சரிக்கட்ட நாள்கணக்காகும். உடனடியாகக் கைகொடுப்பது நுரையீரல்: கரியமில வாயுவை வேகமாக வெளியே தள்ளி அமிலத்தைக் குறைக்கப் பார்க்கும். அதனால் ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே மூச்சு 22, 26 என்று ஏறத் தொடங்கிவிடுகிறது. சர்க்கரை நோய் முற்றி ரத்தம் அமிலமானவர்கள் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சிழுப்பார்கள். அடால்ஃப் குஸ்மால் 1874இல் இதை விவரித்தார். நுரையீரலில் ஒரு குறையும் இருக்காது. உடல் முழுவதும் நடக்கும் போராட்டம் மார்பின் அசைவில் தெரிகிறது.

விரலில் மாட்டும் கருவி இருக்கும்போது எண்ணுவானேன் என்று கேட்கலாம். கொரோனா காலத்துக்குப் பிறகு சாச்சுரேஷன் என்ற சொல் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் அந்த எண் நெடுநேரம் நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருக்கும். தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 100 மில்லிமீட்டரிலிருந்து 60க்குச் சரிந்த பிறகும் சாச்சுரேஷன் 90 அளவில் நிற்கும். அதன் பிறகுதான் செங்குத்தாக விழும். தவிர, நிமிடத்துக்கு 28 முறை மூச்சிழுத்துப் பாடுபட்டு 96ஐக் காப்பாற்றி வைத்திருப்பவரும், நிதானமாக 14 முறை மூச்சிழுத்து 96இல் இருப்பவரும் கருவிக்கு ஒன்றுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு தூங்குகிறவரின் மூச்சு 8க்கு இறங்கியிருக்கும். திரையில் 97 என்று காட்டும். பக்கத்தில் நின்று மார்பைப் பார்த்தவருக்கே ஆபத்து தெரியும்.

எண்ணுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. “ஐயா, உங்க மூச்சை எண்ணப் போறேன்” என்று சொன்னால் போதும், அவர் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடியைப் பார்த்து முடித்ததும் மணிக்கட்டை விடாமல், பார்வையை மட்டும் மார்புக்கு மாற்றி எண்ண வேண்டும். முழு நிமிடமும் எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால், 5 மூச்சு 20 ஆகும், 6 மூச்சு 24 ஆகும். லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில் 12 முதல் 20 வரை பூஜ்ஜியம். 21 முதல் 24 வரை 2 மதிப்பெண். 25ஐத் தொட்டால் 3. ஒரே ஒரு மூச்சைத் தவறவிட்டதால், கவனிக்க வேண்டியவர் நலமாக இருப்பவர்களின் கணக்கில் சேர்ந்துவிடுவார்.

குழந்தைகளுக்கு இது இன்னும் கூர்மையான அளவுகோல். பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, அதற்கு மேல் 5 வயது வரை 40; இவற்றைத் தொட்டாலே வேகமான மூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எக்ஸ்ரே இல்லாத ஊரில் கிராம சுகாதார செவிலியர் நிமோனியாவைச் சந்தேகிப்பது இந்த எண்களை வைத்துத்தான். சட்டையை விலக்கி, குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும்போது எண்ண வேண்டும். மூச்சை உள்ளிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

பார்ப்பது என்றதும் நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மாணவர்கள் படிக்கும் பல பாடநூல்களில் படங்கள் வெள்ளைத் தோலுக்கானவை. லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, கருந்தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று 2020இல் ஒரு கையேடே தொகுக்க வேண்டியிருந்தது. மாநிறத்திலும் கருப்பிலும் ஆக்சிஜன் குறையின் நீலம் கன்னத்தில் தெரியாது. நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் தேட வேண்டும். சோகைக்குக் கீழிமையின் உட்புறமும் உள்ளங்கையும், மஞ்சள் காமாலைக்குப் பகல் வெளிச்சத்தில் விழியின் வெண்மையும். சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாவும் நிறமும் விழியும் தனித்தனியே இடம்பெற்றிருக்கின்றன. இந்த மண்ணில் உடலைப் பார்க்கப் பழகியவர்கள் இந்த இடங்களை அறிந்தே வைத்திருந்தார்கள்.

எண்ணியது டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும். இரவு 2 மணிக்கு டியூட்டி டாக்டரிடம், “சார், 12ஆம் பெட் ஐயாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றால் “சரி, பார்த்துக்கோங்க” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். “சார், மதியம் மூச்சு 16, ஆறு மணிக்கு 22, இப்போ 28. முழு நிமிஷம் எண்ணினேன். சாச்சுரேஷன் 95தான். சாயங்காலம் தெளிவா பேசினவர் இப்போ இடம் தெரியாம பேசுறார்” என்றால் டாக்டர் எழுந்து வருவார். புதிதாக வரும் குழப்பத்துக்கும் அந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில் 3 மதிப்பெண். மூச்சோடு சேர்ந்து 6. மொத்தம் 5ஐத் தொட்டாலே அவசரமாக வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் விதி.

செவிலியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரவில் ஒருவர் தனியாக வார்டு முழுவதையும் பார்க்கும் இடத்தில், ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு முழு நிமிடம் ஒதுக்குவது எளிதல்ல. ஆள் கூட்டாமல் சார்ட்டைச் சரிசெய்ய முடியாது. ஆனால் மாணவப் பருவத்தில் அந்த நிமிடம் இருக்கிறது. வார்டு போஸ்டிங்கில் டியூட்டரும் மாணவரும் ஒரே நோயாளியின் மூச்சை ஒரே நேரத்தில் தனித்தனியே எண்ணி எழுதிக்கொள்ளலாம். இரண்டு எண்களுக்கும் இடையே 2க்கு மேல் வித்தியாசம் வந்தால், இருவருமே மறுபடி எண்ணலாம்.