ஒளி தரும் சாயத்தை ஒளியே அழித்தால்?

உங்கள் வீட்டு ஜன்னல் திரைச்சீலையைக் கவனித்திருக்கிறீர்களா, மாணவர்களே? வெயில் படும் பக்கம் வெளுத்திருக்கும். மடிப்புக்குள் மறைந்திருக்கும் பகுதி புதிதுபோல் இருக்கும். ஒளி சாயத்தைச் சிதைக்கிறது. அப்படியானால், வெயிலைவிடப் பல மடங்கு செறிவான ஒளியை வேண்டுமென்றே பாய்ச்சினால் ஒரு சாயம் எவ்வளவு காலம் தாங்கும்?

சாய லேசர்களின் தீராத தலைவலி இதுதான். 1966இல் அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்தில் பீட்டர் சொரோகின் குழுவினரும், ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஷேஃபர் குழுவினரும் தனித்தனியாக இந்த லேசரைக் கண்டுபிடித்தனர். எத்தனால் போன்ற திரவத்தில் கரைத்த சாயமே இங்கு ஒளியைப் பெருக்குகிறது. பிறவியிலேயே முகத்தில் சிவந்த தழும்புடன் இருக்கும் குழந்தைகளுக்கு, 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளியால் சிகிச்சை அளிப்பது இவ்வகை லேசர்தான். சாயம் சிதையச் சிதைய ஒளியின் சக்தி குறையும். அதனால் சாயத்தை அவ்வப்போது மாற்றியே ஆக வேண்டும்.

சாயம் ஏன் சிதைகிறது? ஒளியை உறிஞ்சிய மூலக்கூறு கிளர்ச்சி நிலையை அடைகிறது. ரோடமைன் 6ஜி என்ற புகழ்பெற்ற சாயம் அந்நிலையில் சில நானோ விநாடிகளே இருக்கும். பிறகு ஒளியை உமிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் சில மூலக்கூறுகள் வழிதவறி ‘மும்மை நிலை’ என்ற இன்னொரு நிலையில் சிக்கிக்கொள்கின்றன. அங்கிருந்து எளிதில் மீள முடியாது. போதாக்குறைக்கு, இவை லேசர் ஒளியையே விழுங்கவும் செய்யும்.

இங்கேதான் ஆக்சிஜன் வருகிறது. நண்பனா, பகைவனா என்று சொல்ல முடியாத ஆள் அது! சிக்கிய மூலக்கூறின் சக்தியை வாங்கிக்கொண்டு அதை விடுவிக்கிறது. ஆனால் வாங்கிய சக்தியால் ‘ஒற்றை நிலை ஆக்சிஜன்’ ஆக மாறி, அருகிலுள்ள சாயத்தையே தாக்குகிறது. ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். வெளியேற்றினால் தாக்குதல் குறையும். சிக்கிய மூலக்கூறுகளோ பெருகிவிடும்.

எனவே ஆக்சிஜனின் நல்ல வேலையை மட்டும் செய்யும் பொருளைத் தேடினார்கள். எட்டு கார்பன் அணுக்கள் கொண்ட சைக்ளோ ஆக்டா டெட்ராயீன் அப்படிப்பட்டது. அது சக்தியை வாங்கி, வெப்பமாக வெளியேற்றிவிடும். பம்பு வைத்து சாயக் கரைசலை ஓடவிடுவதும் உதவுகிறது. ஒரே மூலக்கூறு தொடர்ந்து அடி வாங்காது அல்லவா?

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு வேறு. குக்கர்பிட்யூரில் என்ற வளைய மூலக்கூறின் வடிவம் பூசணிக்காயைப் போன்றது. பெயரும் பூசணிக் குடும்பத்தின் அறிவியல் பெயரிலிருந்தே வந்தது. அதன் உட்குழிவு சாய மூலக்கூறின் ஒரு பகுதியைப் பொதிந்துகொள்ளும். இப்படிப் பொதிந்த ரோடமைன் 6ஜி ஒளியை அதிகமாகத் தாங்குகிறது என்று ஜோதிர்மயீ மொகந்தி, வெர்னர் நவ் ஆகியோர் 2005இல் வெளியிட்டனர்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ரோடமைன் 6ஜி மூலக்கூறுகள் வெறும் நீரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒளி தரும் திறனை இழக்கும். பூசணி வளையம் அவற்றைப் பிரித்து வைப்பதால், எளிதில் தீப்பற்றும் எத்தனாலுக்குப் பதிலாக நீரையே பயன்படுத்த முடிகிறது.