கிணற்றடி என்ஜின் கிளம்ப மறுத்தால்…

செஞ்சி என்றவுடன் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும், அவற்றை இணைத்து நிற்கும் நெடுமதிலும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்குச் சென்ற இயேசு சபைக் குரு நிக்கொலாஸ் பிமெந்தா அந்நகரின் பெருமையை வியந்து எழுதினார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டுப் போரிட்ட கோட்டை அது. இத்தனை ஆண்டுகள் அது தாக்குப்பிடித்ததற்கு மதிலின் வலிமை மட்டும் காரணமன்று. மலைமேல் சுனைகளும், அடிவாரத்தில் செட்டிகுளமும் சக்கரகுளமும் இருந்தன. கலியாண மகாலுக்கு மண்குழாய் வழியே நீர் கொண்டுசென்ற ஏற்பாட்டை இன்றும் சுற்றுலாப் பயணிகள் வியந்து பார்க்கின்றனர்.

கோட்டைக்கு நீர் எவ்வளவு இன்றியமையாததோ, அதைச் சுற்றி வாழும் உழவர் குடும்பங்களுக்கும் அவ்வளவு இன்றியமையாதது. வராகநதியில் ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரிகிறது. எனவே நெல்லும் மல்லாட்டையும் கிணற்றையே நம்பியிருக்கின்றன. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் போய் ஆயில் என்ஜின் வந்தது. பின்னர் மின்மோட்டார் வந்தது. 1990 முதல் தமிழக உழவர்கள் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசமாகக் கிடைத்து வருவதால், ஆயில் என்ஜின் கொட்டகையின் மூலைக்குச் சென்றுவிட்டது.

ஆனால் மின்மாற்றி பழுதாகும் நாளில் அந்த மூலையையே நாடுகிறோம். மல்லாட்டையில் விழுது இறங்கும் சமயம். அவ்வேளையில் நிலம் காய்ந்து இறுகினால், விழுது மண்ணுக்குள் செல்லாது, காயும் பிடிக்காது. என்ஜினோ கிளம்ப மறுக்கிறது. அவசரத்தில் கண்டதையெல்லாம் கழற்றிப் போடுவோரும் உண்டு. சலிப்புற்றுப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடுவோரும் உண்டு. இவ்விரண்டுக்கும் அவசியமில்லை. நெடுநாள் நின்ற என்ஜினில் பெரும்பாலும் குறை சிறிதாகவே இருக்கும். அதை ஒழுங்குமுறையாகத் தேடத் தெரிந்தால் போதும்.

என்ஜின் கேட்பவை மூன்றே

கடலோரத்து மீனவர் தம் படகின் பின்புறம் பொருத்தும் மோட்டாரில் பிளக் என்னும் உறுப்பு தீப்பொறி தந்து எரிபொருளைப் பற்றவைக்கிறது. நம் ஆயில் என்ஜினில் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று மிக இறுக்கமாக அழுத்தப்படும்போது, அதன் வெப்பம் 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேல் உயர்கிறது. அந்த வெப்பக் காற்றில் டீசல் பனித்தூறல்போல் பீய்ச்சப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே என்ஜின் கேட்பவை மூன்று: தூய டீசல், தாராளமான காற்று, குறையாத அழுத்தம்.

இவ்வகை என்ஜினை ஆக்கிய ஜெர்மானியர் ருடால்ப் டீசல். 1900ஆம் ஆண்டு பாரீஸ் பொருட்காட்சியில் இத்தகைய சிறு என்ஜின் ஒன்று கடலை எண்ணெயைக் கொண்டே ஓட்டிக் காட்டப்பட்டது. நம் மல்லாட்டைக்கும் இந்த என்ஜினுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது!

முதலில் டீசல்

எண்ணெய் கொண்டுவர மறந்த ஐந்து கன்னியரின் உவமையை நாம் கோயிலில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் வெறும் டாங்கியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஹேண்டில் சுற்றுவோர் இன்றும் உண்டு. எனவே டாங்கியில் டீசல் இருக்கிறதா, அடைப்புக் குழாய் திறந்திருக்கிறதா, மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை அடைபடாதிருக்கிறதா என்று முதலில் காண்க. அத்துளை அடைபட்டால் டீசல் இறங்காது.

அடுத்து, என்ஜினை நிறுத்தப் பயன்படும் நெம்புகோலைப் பாருங்கள். சென்ற பருவத்தில் நிறுத்திய நிலையிலேயே அது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் எவ்வளவு சுற்றினாலும் டீசல் உள்ளே போகாது. சிறிது எண்ணெய் விட்டு, மெதுவாக அசைத்து விடுவிக்க வேண்டும்.

தண்ணீர் டீசலைவிடக் கனமானது. ஆகையால் டாங்கியின் அடியில் தங்கும். அடிமட்டத்து டீசலைச் சிறிது வெளியே விட்டு, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பில்டர் கறுத்து அடைத்திருந்தால் மாற்றிவிடுக.

இனி மிக முக்கியமானது காற்றடைப்பு. டாங்கி ஒருமுறை வற்றினாலும், பில்டரைக் கழற்றினாலும் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். பில்டரின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தினால் நுரையோடு டீசல் வரும். நுரை நின்று தெளிவாக வழியும்போது திருகை இறுக்குக. டீசல் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க. கடைசியாக, நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி, டீசல் கசியும்வரை சக்கரத்தைச் சுற்றி, மீண்டும் இறுக்குக. இதன்பின் மெல்லச் சுற்றும்போது நாசிலிலிருந்து ‘கிரீச்’ என்னும் ஓசை கேட்டால், டீசல் உள்ளே செல்கிறது என்று நம்பலாம்.

நாசிலைக் கழற்றி வெளியில் பீய்ச்சிப் பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. அந்தத் தாரை கண்ணுக்கு மெல்லியதாகத் தோன்றினும், தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலைச் செலுத்திவிடும். அதன் எதிரே கையை நீட்டவே கூடாது.

பின்னர் காற்றும் அழுத்தமும்

காற்று பில்டரில் புழுதி படிந்திருக்கலாம். புகைபோக்கியில் குளவி கூடு கட்டியிருக்கலாம், எலியும் குடியிருக்கலாம். இவற்றை நீக்குவதற்குக் காசு செலவில்லை.

அழுத்தத்தை அறிய, டி-கம்ப்ரஷன் லிவரைத் தூக்காமல் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுக. ஓரிடத்தில் அது தடுத்துப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தடையின்றிச் சுழன்றால் வால்வு ஒட்டியிருக்கலாம், ரிங் தேய்ந்திருக்கலாம். வால்வுத் தண்டில் மண்ணெண்ணெய் கலந்த என்ஜின் ஆயிலைச் சில சொட்டுகள் விட்டு அசைத்துப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்கை அழைப்பதே முறை. சக்கரம் அசையவே மறுத்தால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். இறுகியது என்ஜினா, பம்பா என்பது தெரிந்துவிடும்.

சுற்றும்போது வரும் புகையும் செய்தி சொல்லும். புகையே இல்லையெனில் டீசல் சேரவில்லை. வெண்புகை வந்தும் கிளம்பாவிடில், டீசல் சேர்ந்தும் பற்றவில்லை. அழுத்தத்தை ஐயுற வேண்டும். ஓடத் தொடங்கியபின் கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது பளு மிகுதி. நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. இவற்றைக் கவனித்து மெக்கானிக்கிடம் சொன்னால், அவருக்குப் பாதி வேலை குறையும். நமக்கும் வீண்செலவு குறையும்.

உயிரைக் காக்கும் விதிகள்

ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கட்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை எளிதில் விடுபடும். இல்லையேல் விரலோ மணிக்கட்டோ முறியும். வேட்டியை மடித்துக் கட்டுக. தோள்துண்டையும் முந்தானையையும் சக்கரத்தின் அருகே தொங்கவிடற்க.

எல்லாவற்றிலும் கொடியது கிணற்றுக்குள் இருக்கும் ஆபத்து. பம்பு ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குமேல் நீரை உறிஞ்சி எடுக்காது. ஆகவே கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது, என்ஜினையே கிணற்றின் உள்மேடைக்கு இறக்கும் எண்ணம் எழுகிறது. இதைச் செய்யவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் சிறு பம்புகளில் அது இன்னும் மிகுதி. கிணற்றில் மயங்கி விழுந்தவரைத் தூக்கச் சென்ற தம்பியும் மகனும் அடுத்தடுத்து மாண்ட துயரங்கள் நம் நாட்டில் நடந்துள்ளன. விளக்கை இறக்கிப் பார்த்து, அது எரிகிறதே என்று துணிவதும் தவறு. அந்த வாயு இருக்கும்போதும் விளக்கு எரியும். ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால், பின்னால் இறங்காமல் 101 எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள். ஒரு போகம் போனால் மறுபோகம் வரும். குடும்பத் தலைவரின் உயிர் வருமா?

குடும்பம் முழுவதும் கற்கட்டும்

இன்று பல வீடுகளில் ஆண்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் சென்றுவிட, தாய்மாரே நிலத்தைப் பார்த்துக்கொள்கின்றனர். எனவே இம்முறைகளை மகனுக்கு மட்டுமன்றி மனைவிக்கும் மகளுக்கும் சொல்லிக்கொடுப்பது தந்தையின் கடமை. மாதம் ஒருமுறை, நீர் ஏற்றும் நிலையில் பத்து நிமிடம் என்ஜினை ஓட்டுங்கள். நின்றபின் புகைபோக்கியின் வாயை ஒரு தகர டப்பாவால் மூடிவையுங்கள். முதலில் டீசல், பின்னர் காற்று, அதன்பின் அழுத்தம் என்று கொட்டகைச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள்.

இறைவன் அளித்த நிலத்தையும் நீரையும் பேணுவதோடு, நம் கைக்கு வந்த கருவியைப் பேணுவதும் நம் பொறுப்பே. நம் என்ஜின் கிளம்பிவிட்டால், நீரின்றித் தவிக்கும் பக்கத்து வயலுக்கும் ஒரு மடை திருப்பிவிட மறவாதிருப்போம்.